கண்ணுக்குள் ஒரு மஞ்சள் கரு

எங்கள் கடைக்கு எதிரே நிற்கும் கரண்ட் கம்பம் சாய்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். காலையில் கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்தக் கம்பம். நடுவில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது. ஆடிக் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிற கூட்டத்தின் மேல் விழுந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, என் வீட்டுக்காரரை மின்வாரிய ஆபீசுக்கு விரட்டினேன். லைன்மேன் வந்தார். கம்பத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யம்மா, கம்பம் நேரா நட்டமாத்தான் நிக்கு. நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. சங்கரன்கோவிலில் ரத வீதியில் மேட்சிங் ப்ளவுஸ் துணி விற்கிறவள் நான். கத்திரிப்பூ நிறம் என்று ஒரு நிறம் கிடையாது, கத்திரிப்பூவிலேயே ஒரு அலமாரி நிறைய உண்டு. சேலையைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தால் போதும், எந்த அடுக்கில் எந்தச் சுருள் என்று கை தானாகப் போகும். அப்படிப்பட்ட என் கண்ணைப் பார்த்துக் கண்ணாடியை மாற்றச் சொல்வதா?

ஆனால் மனதுக்குள் எனக்கும் கொஞ்ச நாளாகவே சந்தேகம். பேப்பர் படித்தால் வரியின் நடுவில் இரண்டு எழுத்து கரைந்துபோய்க் கிடந்தது. அச்சடிக்கிறவன் மையில் சிக்கனம் பிடிக்கிறான் என்று திட்டினேன். கடைக்கு வருகிறவர்களின் காதும் கழுத்தும் தெரிந்தன, மூக்கும் வாயும் மசமசவென்று இருந்தன. டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன். லைட்டை மாற்றியாயிற்று, கண்ணாடியையும் மாற்றியாயிற்று. மசமசப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் உள்ளூர் கண் டாக்டரிடம் போனேன்.

அவர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரையின் நடுவில் கோளாறு, வயதானவர்களுக்கு வருகிற நோய் மாதிரித் தெரிகிறது, ரத்தக் குழாய் கசிந்தால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும், ஒரு தடவையோடு முடியாது, மாதா மாதம் போடும்படி ஆகலாம், விட்டுவிட்டால் நடுப்பார்வை போய்விடும் என்றார். திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. கண்ணுக்குள் ஊசி என்றதோடு மற்றதெல்லாம் அடைத்துப்போயிற்று.

பயந்துவிட்டேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணை மூடி வீட்டுக்காரரைப் பார்ப்பேன். பிறகு மறு கண்ணை மூடிப் பார்ப்பேன். இரண்டிலும் அவருக்கு மூக்கு இல்லை. மயில் கழுத்து நிறத்தையும் ராமர் பச்சையையும் இனி யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, சோற்றில் பூச்சி கிடந்தால்கூட அடுத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டுமா என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே கிடப்பேன். வீட்டுக்காரர் எத்தனையோ தடவை திருநெல்வேலிக்குக் கூப்பிட்டும் ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும், வியாபாரம் நடக்கிற நேரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தபசும் முடிந்தது. அடுத்த சாக்கைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் புளியங்குடியில் மாமா இறந்துபோனார். எங்கள் அம்மாவுக்குத் தம்பி.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசுதேவநல்லூரில் இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் 'பேச்சு இல்லை' என்றால் அது முழுநேர உத்தியோகம். அவள் எந்தப் பந்தியில் உட்காருகிறாள், எந்த பஸ்ஸில் திரும்புகிறாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டால்தான் நாம் வேறு பந்தியில் உட்கார்ந்து வேறு பஸ்ஸில் திரும்ப முடியும். சண்டை என் மகள் கல்யாணத்தில் வந்தது. தட்டு, பழம், வெற்றிலை பாக்கோடு நானும் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அத்தான் நின்றார். நல்ல நேரம் தாண்டிவிடப் போகிறதே என்று பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். கூடப் பிறந்தவளுக்கு ரோட்டில் வைத்துப் பத்திரிகை கொடுத்தவள் என்று அவள் கல்யாணத்துக்கே வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவள் அவள், பழி என் மேல். இன்றைக்கும் நியாயம் என் பக்கம்தான். அந்த மகளின் பையனுக்கு இப்போது மீசை அரும்புகிறது.

சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குள் பெண்கள் போவதற்கு ஒரு முறை உண்டு. ஆண்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கையைத் தொட்டுவிட்டு நாற்காலியைத் தேடிக்கொள்ளலாம். பெண்கள் வாசலிலேயே குரலெடுக்க வேண்டும். அழுதுகொண்டே உள்ளே போய், இறந்தவருக்கு மிக நெருங்கிய பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நின்று நிதானமாக முகம் பார்த்தால், 'இவ என்ன வேடிக்கை பாக்க வந்தாளா' என்பார்கள். எனக்கோ நின்று பார்த்தாலும் முகம் தெரியாத நிலைமை.

வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் நடுவீடு இருட்டாக இருந்தது. மாமாவின் தலைமாட்டில் நரைத்த தலையோடு ஒரு உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. வேறு யார், அத்தைதான். "எங்களப் பெத்த மாமா" என்று குரலெடுத்தபடி போய் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அந்த உருவமும் என்னை இறுகக் கட்டியது. முதுகைத் தடவிக் கொடுத்தது. பிறகு அது "எங்களத் தோள்ல தூக்கி வளத்த மாமா" என்று இழுத்ததே ஒரு இழுப்பு, அந்த இழுப்பின் கடைசியில் குரல் உடைந்த விதத்தில் எனக்குச் சப்த நாடியும் அடங்கிவிட்டது. அத்தை இல்லை. என் அக்கா.

விடவா முடியும்? சுற்றிலும் ஊர்ப்பட்ட பெண்கள். துஷ்டி வீட்டில் அக்காளும் தங்கச்சியும் தள்ளிக்கொண்டார்கள் என்று பேச்சு அன்றைக்கே தென்காசி வரைக்கும் போய்விடும். "மாமா" என்று மறுபடியும் குரலெடுத்துப் பிடித்தபடியே இருந்தேன். என் முதுகில் இருந்த அவள் கை திடீரென்று அசையாமல் நின்றது. அது ஏன் நின்றது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. அவளும் விடவில்லை. மாமா எங்கள் இருவரையும் சைக்கிளில் முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி என்று வைத்துப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனது, பஞ்சுமிட்டாய்க்கு நாங்கள் அடித்துக்கொண்டது எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, முறைக்காகத் தொடங்கிய அழுகை நிஜ அழுகையாகிவிட்டது. அவள் தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. மயக்கம் வந்து உள்ளே படுத்திருந்த அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த பிறகுதான் நாங்கள் விலகினோம். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

வீடு திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் துண்டை நீட்டியபடி, "எப்படியோ பேசிக்கிட்டீகளே, நல்லதாப் போச்சு" என்றார்.

"எங்க பேசினோம்? அழுதோம்" என்றேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்குத்தான் கண் சரியில்லை. அவளுக்கு என்ன? ஆள் யாரென்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாள்? ஆக, முதலில் இறங்கி வந்தது அவள்தான். இந்தக் கணக்கில் சில நாள் மிதப்பாகத் திரிந்தேன். பிறகுதான் சொந்தக்காரர்கள் வழியாகச் செய்தி வந்தது. வாசுதேவநல்லூரில் அக்கா, 'தங்கச்சிதான் தானா வந்து விழுந்தா, நான் போகல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியாமல் விழுந்தேன் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லவும் முடியாது. அந்தக் கோபத்தில்தான், கண்ணைச் சரி பண்ணாமல் இனி எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று திருநெல்வேலிக்குக் கிளம்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரி. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே தெரிகிற வெளிச்சத்தையே பார்க்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். கை நரம்பில் மஞ்சள் மருந்தை ஏற்றிக் கண்ணை விதவிதமாகப் படம் பிடித்தார்கள். டாக்டர் என் மகள் வயதுப் பெண். படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்தா நடுவுல மஞ்சளா உருண்டையா தெரியுதுல்ல? முட்டையோட மஞ்சக் கரு மாதிரி. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி இருக்கு."

"நாங்க சைவம் டாக்டர். முட்டை எங்க வீட்டு வாசப்படி ஏறினதே கிடையாது" என்றேன். பயத்தில் வாய் என்னவாவது உளறும் எனக்கு.

அவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருகிற விழித்திரை நோயும் மேலோட்டமாக இப்படித்தான் இருக்குமாம். ஆனால் மருந்து ஏற்றி எடுத்த படத்தில் கசிவு தெரியவில்லை. ஆகவே இது இன்னொன்றாக இருக்கலாம், அபூர்வமாக வருவது, மெதுவாக நகர்வது, பெரும்பாலும் ஊசி தேவைப்படாது, பலருக்குப் படிக்கிற அளவுக்குப் பார்வை கடைசிவரை நிற்கும். சிலருக்கு இது குடும்ப வழியாக வரும்.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா? அவங்க கண்ணையும் பார்த்தா என்னால இன்னும் உறுதியா சொல்ல முடியும்."

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் திறந்தார். "ஒரு அக்கா இருக்காக."

"அவங்களுக்குப் பார்வை எப்படி? எழுத்து மறையுது, ஆள் அடையாளம் தெரியலன்னு சொல்லுவாங்களா?"

துஷ்டி வீட்டில் என் முதுகில் அசையாமல் நின்ற அந்தக் கை அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைத் தெரிந்து கட்டிக்கொண்டவளுக்குக் கை ஏன் நடுவில் நிற்க வேண்டும்?

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க ஒரே யோசனை. அவளைக் கூப்பிட்டால் இத்தனை வருஷ வீம்பு காற்றில் போகும். கூப்பிடாவிட்டால் மாதா மாதம் கண்ணில் ஊசியா, இல்லையா என்று தெரியாமல் தினமும் செத்துப் பிழைக்க வேண்டும். வீடு வந்து சேர்ந்ததும், "அவ நம்பர் யார்ட்ட இருக்கும்?" என்று பொதுவாகக் கேட்டேன். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் தன் போனை எடுத்து நீட்டினார். சகலையும் சகலையும் வாராவாரம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல்! அதற்கான கச்சேரியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று போனை வாங்கினேன்.

அத்தான் எடுத்து, அவளிடம் கொடுத்தார்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"ஒண்ணு கேக்கணும், கோவப்படாத. மாமா வீட்ல என்னய யாருன்னு நெனச்சுக் கெட்டிப்பிடிச்ச?"

"இது என்ன கேள்வி? நீயில்லா வந்து விழுந்த?"

"நான் அத்தைன்னு நெனச்சு விழுந்தேன்."

அவள் குரல் சட்டென்று மாறிவிட்டது.

"ஏட்டி, ஒனக்கு மூஞ்சி தெரியலயா?"

"நடுவுல தெரியலக்கா. அழிச்ச மாதிரி இருக்கு."

"ஓரமெல்லாம் தெரியும். படிக்கும்போது நடுவுல எழுத்து முழுங்கும். கதவு நிலை வளையும். அப்படித்தானே?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ரொம்ப வருஷமா அப்படித்தானே இருக்கு. மாமா மவ மெட்ராஸ்ல இருந்து வந்துட்டான்னு நெனச்சுத்தான் ஒன்னயக் கெட்டுனேன். நீ ரெண்டாவது தடவ 'மாமா'ன்னு சொல்லும்போதுதான் தெரிஞ்சுது. அம்புட்டுப் பேருக்கு நடுவுல விடவா முடியும்?"

யாரிடமும் அவள் சொல்லவில்லையாம். கண்புரை என்று நினைத்துக்கொண்டாளாம். சொன்னால் மருமகள் அடுப்படிப் பக்கமே விடமாட்டாள் என்று சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள் கதையில் ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"இப்பம் எம்புட்டு தெரியுது?"

"மொதல்ல மங்குனப்ப இருந்த மாதிரியேதான். பேப்பர் படிக்கேன். ஜன்னல்கிட்ட உக்காந்து மெதுவாப் படிப்பேன். அரிசி பொடைக்கேன், பூக் கெட்டுதேன். கண்ணு ஒண்ணும் அவிஞ்சு போகல. நீ எதுக்கு இப்படி அழுத?"

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவள் பேப்பர் படிக்கிறாள்! இத்தனை வருஷம் கழித்தும் படிக்கிறாள்! அன்று வரை டாக்டர்கள் சொன்ன எதுவும் கொடுக்காத தெம்பை அந்தப் பேப்பர் கொடுத்தது.

அடுத்த வாரம் நாங்கள் நால்வருமாகத் திருநெல்வேலிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மூடிய கண்ணோடு அக்கா ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டில் வைத்தா பத்திரிகை கொடுப்பார்கள் என்று கேட்டாள். வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்று நான் கேட்டேன். கோயிலுக்குப் போனால் பூட்டாமலா போவார்கள் என்று அவள் கேட்டாள். நர்ஸ் வந்து, "கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, அமைதியா இருங்கம்மா" என்று அதட்டியும் நாங்கள் விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சகலைகளும் காபி குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். மனசார ஒரு சண்டை போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! பாதியில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் அக்காவை எழுத்துப் பலகை படிக்க வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய எழுத்து, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து இறங்கிக்கொண்டே போனாள். நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே போய்த்தான் நின்றாள். ஸ்கேனும் படமும் எடுத்து முடித்த பிறகு டாக்டர் எங்கள் இருவர் கண்களையும் திரையில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். என்னுடையதில் மஞ்சள் உருண்டை முழுசாக இருந்தது. அவளுடையதில் அது பாதி கரைந்து அடியில் தங்கியிருந்தது. இரண்டும் ஒன்றேதான், அவளுடையது மூத்தது என்றார்.

"இப்ப எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஊசி வேண்டாம். கட்டம் போட்ட பேப்பர் ஒண்ணு தாரேன். தினமும் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. கோடு புதுசா வளைஞ்சாலோ கறுப்பா தெரிஞ்சாலோ உடனே வந்துருங்க, அபூர்வமா சிலருக்குப் பின்னால கசியலாம். மத்தபடி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும். பிள்ளைங்களையும் ஒரு தடவை பார்த்துருவோம்."

"எங்கம்மா எங்க ரெண்டு பேருக்கும் வஞ்சகமில்லாமக் குடுத்தது இது ஒண்ணுதான்" என்றாள் அக்கா. டாக்டரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்றால், வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போய், பசிதான் முதலில் வந்தது. ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆண்கள் பின்னால் போய்விட, நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மருந்தின் கூச்சம் வடியும்போது பஸ் தேவர்குளத்தைத் தாண்டியிருந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நரைத்த தலையும் கழுத்தும் தெரிந்தன. முகம் இருக்கும் இடத்தில் அதே மசமசப்பு.

"நேரா மூஞ்சியப் பாத்தா தெரியாதுட்டீ" என்றாள். "இத்தன வருஷத்துல நானாக் கண்டுபிடிச்சது இது. ஆளப் பாக்கணும்னா அவுக காதப் பாரு. மூஞ்சி தானா வரும்."

அவள் காதைப் பார்த்தேன். கம்மலைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்ததும் ஓரத்தில் கன்னம் வந்தது, மூக்கு வந்தது, பல் விழுந்து உள்ளே போன வாய் வந்தது. பேச்சு இல்லாத அத்தனை வருஷமும், எத்தனை கல்யாண வீடுகளில், அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஓரக்கண்ணால்தான் அவளைப் பார்த்து வந்திருக்கிறேன். இனியும் ஓரத்தில்தான் பார்க்க முடியும். ஆனால் இப்போது அவளும் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுதுக்கா. ரொம்ப மெலிஞ்சுட்ட."

"நீயுந்தான்" என்றாள்.